மூலவர் ஒருவர், வாகனம் இரண்டு: விளக்கெண்ணெய் பாக்ளிடாக்சலும் நானோ பாக்ளிடாக்சலும்

அத்தைக்கு முதல் கீமோ காலை ஒன்பது மணிக்கு. ஸ்டீராய்டு மாத்திரையை முந்தின இரவு ஒன்பது மணிக்கு ஒரு முறையும் விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு முறையும் விழுங்க வேண்டும் என்று சீட்டில் எழுதியிருந்தது. அலாரம் வைத்து எழுந்து, வெறும் வயிற்றில் வேண்டாம் என்று இரண்டு பிஸ்கட்டோடு கொடுத்தேன். அவருக்குச் சர்க்கரை வேறு. விடிந்ததும் குளுக்கோமீட்டர் 300ஐத் தாண்டி நின்றது. இத்தனை பாடும் புற்றுநோய் மருந்துக்காக அல்ல, அதைக் கரைத்து வைத்திருக்கும் எண்ணெய்க்காக என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

மருந்து பாக்ளிடாக்சல். அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்து வேதியியலாளர்கள் மன்ரோ வாலும் இந்தியாவில் பிறந்த மன்சுக் வானியும் பிரித்தெடுத்தது. 1971இல் அதன் கட்டமைப்பை வெளியிட்டார்கள். உயிரணு இரண்டாகப் பிரியும்போது உள்ளே நுண்குழாய்கள் உருவாகும், வேலை முடிந்ததும் கலைந்துவிடும். பாக்ளிடாக்சல் அவற்றைக் கலைய விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பிரிய முடியாத உயிரணு செத்துப்போகும்.

ஆனால் இது தண்ணீரில் கரையவே கரையாது. அதனால் 1992இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாக்சால் என்ற பாக்ளிடாக்சல் ஊசி மருந்தில், விளக்கெண்ணெயை வேதிமாற்றம் செய்து எடுத்த கிரெமோஃபோர் என்ற பொருளையும் ஆல்கஹாலையும் ஏறக்குறைய சரிபாதியாகக் கலந்து மருந்தைக் கரைத்தார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். உடல்பரப்பு 1.6 சதுர மீட்டர் உள்ள ஒருவருக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை தரும் அளவு 280 மில்லிகிராம். அதைச் சுமந்து வரும் கிரெமோஃபோர் ஏறக்குறைய 25 கிராம். மருந்தைப் போல 88 மடங்கு! கூடவே 23 மில்லிலிட்டர் ஆல்கஹால்.

மூச்சுத்திணறல், ரத்த அழுத்தம் சரிவது, உடம்பெல்லாம் தடிப்பு என்று வரும் ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் இந்த எண்ணெய்தான் காரணம். மூன்று மணி அலாரம் அதற்காகத்தான். சாதாரண பிவிசி பையிலும் குழாயிலும் இருக்கும் பிளாஸ்டிக் சேர்மத்தையும் இது கரைத்து இழுத்துவிடும். ஆகவே கண்ணாடிப் பாட்டில், தனி வகைக் குழாய், நடுவில் ஒரு வடிகட்டி. மூன்று மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற வேண்டும்.

2005இல் அனுமதி பெற்ற அப்ராக்சேன் என்ற நானோ பாக்ளிடாக்சல், மூலவரை அப்படியே வைத்துக்கொண்டு வாகனத்தை மட்டும் மாற்றியது. நம் ரத்தத்திலேயே ஓடும் அல்புமின் புரதத்தோடு பாக்ளிடாக்சலைச் சேர்த்து, சராசரி 130 நானோமீட்டர் துகள்களாக்கினார்கள். குப்பியில் 100 மில்லிகிராம் மருந்து, 900 மில்லிகிராம் அல்புமின், தூளாக. கலக்குவதற்குப் பொறுமை வேண்டும். 20 மில்லி உப்புநீரைத் தூளின் மேல் பீய்ச்சாமல், குப்பியின் உட்சுவரில் ஒரு நிமிடமாவது மெதுவாக வழிய விட வேண்டும். ஐந்து நிமிடம் ஊறிய பிறகு மெல்லச் சுழற்ற வேண்டும். குலுக்கினால் நுரைத்துக்கொள்ளும், நுரை அடங்கக் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். கடைசியில் கிடைப்பது பால் போன்ற வெள்ளைத் திரவம். எண்ணெய் மருந்தோ தெளிவாக, பிசுபிசுப்பாக இருக்கும். வெள்ளைத் திரவம் அரை மணி நேரத்தில் ஏறிவிடும். வழக்கமாக முன்கூட்டி ஸ்டீராய்டும் தேவையில்லை.

வசதியில் நானோ ஜெயித்தது, சந்தேகமில்லை. நோயை அடக்குவதில்? இங்கேதான் விளம்பரத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும்.

அனுமதிக்கு அடிப்படையான மார்பகப் புற்றுநோய்ச் சோதனையில் 454 பெண்கள். கட்டி சுருங்கியவர்கள் நானோவில் 33 சதவீதம், எண்ணெயில் 19 சதவீதம். வெள்ளையணுக்கள் மிக மோசமாகக் குறைந்தது நானோவில் 9 சதவீதம், எண்ணெயில் 22. கைகால் மரத்துப்போவது மட்டும் தலைகீழ்: கடுமையான பாதிப்பு நானோவில் 10 சதவீதம், எண்ணெயில் 2. ஆனால் அளவைப் பாருங்கள். உடல்பரப்பில் சதுர மீட்டருக்கு 260 மில்லிகிராம் நானோவில், 175 எண்ணெயில். ஒரு கை ஓங்கியே இருந்த பந்தயம். போதாக்குறைக்கு, எண்ணெய் மருந்தையே வாராவாரம் சிறு அளவில் கொடுத்தால் மூன்று வாரக் கணக்கைவிட நன்றாக வேலை செய்கிறது என்பது வேறு சோதனைகளில் தெரியவந்தது.

பிறகு அமெரிக்காவில் இரண்டையும் வாராவாரம் கொடுத்து, முற்றிய மார்பகப் புற்றுநோயில் மோதவிட்டார்கள். 2015இல் முடிவு வந்தது. நோய் கட்டுக்குள் இருந்த காலம் எண்ணெயில் 11 மாதம், நானோவில் 9.3, பக்கவிளைவும் நானோவுக்கே அதிகம். ஜெர்மனியில் அறுவைக்கு முன் கொடுத்துப் பார்த்ததில் மட்டும் நானோ முந்தியது: கட்டி முழுவதும் மறைந்தவர்கள் 38க்கு 29 சதவீதம். அதிலும் மரமரப்புத் தாளாமல் நடுவழியில் சதுர மீட்டருக்கு 150 மில்லிகிராமை 125ஆகக் குறைக்க வேண்டியிருந்தது.

நானோ துகள் கட்டியைத் தேடிப் போய்த் தாக்கும் என்ற கதையை நான் நம்புவதில்லை. கட்டியின் ரத்தக்குழாய்கள் ஓட்டையும் உடைசலுமாக இருப்பதால் துகள்கள் அதன் வழியே கசிந்து உள்ளே தங்கும் என்று ஜப்பானியர்கள் 1986இல் சொன்னார்கள். கருத்து நல்லதுதான். ஆனால் விலங்குச் சோதனைகளைத் தொகுத்து 2016இல் வந்த ஆய்வின்படி, செலுத்திய நானோ துகள்களில் கட்டியை எட்டுவது நடுமதிப்பில் 0.7 சதவீதம். அப்ராக்சேன் துகளோ ரத்தத்தில் கலந்த சற்று நேரத்திலேயே உடைந்து தனித்தனி அல்புமினாகிவிடுகிறது. என் கணிப்பில் அதன் பலம் எண்ணெயைக் கழற்றி எறிந்ததில் இருக்கிறது. எண்ணெய் போனதால்தான் அளவைக் கூட்ட முடிந்தது.

கொரியாவின் ஜெனக்சால் பிஎம் என்ற இன்னொரு வகை பாக்ளிடாக்சல் பாலிமர் உறைக்குள் மருந்தை வைக்கிறது. அதுவும் எண்ணெயை ஒழிக்கும் வழிதான்.

ஆக, எதைக் கேட்பது? கணையப் புற்றுநோய் என்றால் நானோ பக்கம் தயக்கமே வேண்டாம். அங்கே ஜெம்சிடபின் என்ற வேறொரு கீமோ மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது, நோயாளிகளில் பாதிப் பேர் உயிரோடிருந்த காலம் 6.7 மாதத்திலிருந்து 8.5 ஆனது. சிறிய லாபம்தான், ஆனால் அந்த நோயில் அதுவே பெரிது. எண்ணெய்க்கு ஒரு முறை ஒவ்வாமை வந்தவர், ஸ்டீராய்டு ஏறினால் சர்க்கரை எகிறுகிறவர், இவர்களுக்கும் நானோவைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். மற்றபடி மார்பகப் புற்றுநோய்க்கு வாராந்திரப் பழைய பாக்ளிடாக்சலே போதும் என்று மருத்துவர் சொன்னால், மலிவு மருந்தைத் தலையில் கட்டுகிறார் என்று எண்ண வேண்டாம். விலை வித்தியாசம் பல மடங்கு என்பதால், கடன் வாங்கி நானோவுக்கு மாறும் குடும்பங்களுக்கு இதை அழுத்தியே சொல்லுவேன்.

அத்தை பழைய மருந்திலேயே தொடர்ந்தார். இரண்டாம் முறையிலிருந்து மாத்திரைக்குப் பதிலாக, கீமோவுக்கு அரை மணி முன்பு ஊசியாகவே ஸ்டீராய்டைப் போட்டார்கள், அலாரம் தேவைப்படவில்லை. விரல் நுனி மரத்துப்போனது மட்டும் மாறவில்லை. ரவிக்கைக் கொக்கியை இன்னும் என் மனைவிதான் மாட்டிவிடுகிறாள்.