தாராவியில் ஒரு மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி: பெற்றோரின் மதிப்பீடு

மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. அவற்றுள் தாராவியிலுள்ள ஒரு தமிழ்வழிப் பள்ளியில் என் மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். கட்டடம் சுமார்தான். ஆனால், தாமதமாக வரும் பிள்ளையை வெளியே நிறுத்தாமல், "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்ட பிறகே காரணம் விசாரிக்கும் ஆசிரியை அங்கே இருக்கிறார்.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடை செய்கிறது. இந்தப் பள்ளியில் அது ஏட்டளவில் நின்றுவிடவில்லை. அடிக்குப் பயப்படாத பிள்ளை புரியாததைத் தயங்காமல் கேட்கிறது. அப்படிக் கேட்பதால்தான் எந்த இடத்தில் பாடம் பிடிபடவில்லை என்பது ஆசிரியருக்குத் தெரிகிறது. கழித்தலில் கடன் வாங்க மறந்து என் மகள் கரும்பலகையில் தப்பாகப் போட்ட கணக்கை அழித்துவிடாமல், எந்தப் படியில் பிசகியது என்று வகுப்பு முழுவதையும் தேட வைத்தார் அந்த ஆசிரியை. அன்று முதல் அவள் கணக்கு வகுப்புக்கு முகம் சுளிப்பதில்லை. மதிப்பெண் உயர்வதற்கு இந்தச் சூழல்தான் அடித்தளம் என்று உறுதியாகச் சொல்வேன்.

குறையும் உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும் என்கிறது அதே சட்டம். கூட்டத்தையோ வேலை நேரத்தில் வைக்கிறார்கள். தினக்கூலிக்குப் போகும் தாய்மாரும் வரக்கூடியபடி அதை மாலைக்கு மாற்ற வேண்டும்.