கேமராவோடு வந்த ஃபிளாஷா, தனியாக வாங்கியதா?

தைப்பூசத்துக்கு முதல் நாள் இரவு, வெள்ளி ரதம் பினாங்கின் தண்ணீர்மலைப் பக்கம் வந்துகொண்டிருந்தது. வலது கையில் என் சோனி ஆர்எக்ஸ்100 மூன்றாம் பதிப்பு, இடது கையில் புதிதாக வாங்கிய குட்டி ஃபிளாஷ். அது பாட்டுக்குப் பளிச் பளிச்சென்று மின்னிக்கொண்டிருந்தது. நான் இன்னும் ஒரு படம்கூட எடுக்கவில்லை!

இந்தக் கேமராவில் ஹாட் ஷூ, அதாவது தனி ஃபிளாஷைப் பொருத்தும் இடம், கிடையாது. அதனால் வேறு ஃபிளாஷ் மின்னுவதைப் பார்த்துத் தானும் மின்னும் ஆப்டிகல் ஸ்லேவ் வகையை வாங்கினேன். அதற்குத் தன் முதலாளி யார் என்று தெரியாது. தண்ணீர்ப் பந்தலில் யாரோ ஒருவர் படம் எடுத்தாலும் வேலை செய்யும். அப்புறம் நான் பொத்தானை அழுத்தும்போது சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று, கேமரா வெளிச்சத்தை அளக்கப் படத்துக்கு முன்பே ஒருமுறை லேசாக மின்னும். அதைத் தாண்டி இரண்டாவது மின்னலுக்கு மட்டும் வேலை செய்யும் வசதி என் ஸ்லேவில் உண்டு. வீட்டில் சரியாகத்தான் இருந்தது. கூட்டத்தில் அடுத்தவரின் மின்னலையும் சேர்த்து எண்ணிக் குழம்பிவிட்டது. நான்கு ஏஏ பேட்டரிகளைச் சார்ஜ் போட்டுத் தூக்கிக்கொண்டு போனதுதான் மிச்சம்.

வெறுத்துப்போய் அதைப் பைக்குள் போட்டுவிட்டு, கேமராவின் சொந்த ஃபிளாஷை ஸ்லோ சிங்க்கில் வைத்தேன். ஷட்டரைக் கேமரா நீட்டித் திறந்து வைப்பதால் ரதத்தின் விளக்குகள் பின்னணியில் பதிகின்றன. எதிரில் நிற்பவர் முகத்தை ஃபிளாஷ் பிடித்துக்கொள்கிறது. ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 800, ஷட்டர் 1/15 நொடி அளவில் கை நடுக்கம் தெரியத்தான் செய்யும், அந்த லேசான இழுவை ஊர்வலத்துக்கு அழகு. ஃபிளாஷ் அளவை ஒரு ஸ்டாப், அதாவது பாதியாகக் குறைத்தேன், விபூதி பூசிய நெற்றி வெள்ளையாக எரிந்துபோகவில்லை.

தூரம்தான் இந்தச் சொந்த ஃபிளாஷின் பலவீனம். இரண்டு மடங்கு தள்ளி நின்றால் கால்வாசி வெளிச்சம்தான் போய்ச் சேரும். ஐஎஸ்ஓவை 100லிருந்து 400க்கு ஏற்றினால் எட்டும் தூரம் இரட்டிப்பாகும் என்றாலும், சாலைக்கு அந்தப் பக்கம் நிற்கும் ரதத்தை இந்தப் பொடியன் தொடப்போவதில்லை. தோள் உரசும் கூட்டத்தில் இரண்டு மீட்டர் எட்டினால் எனக்குப் போதும். பகலிலும் இது உதவும், உச்சி வெயிலில் காவடிக்குக் கீழே கறுத்துக் கிடக்கும் முகத்துக்கு ஃபிளாஷைக் கட்டாயம் மின்ன வையுங்கள்.

கேமராவின் ஃபிளாஷ் லென்ஸை ஒட்டி இருப்பதால் சிவப்புக் கண் வரும், சாம்பிராணிப் புகை வெள்ளைத் திட்டாக விழும். இவற்றில் தனி ஃபிளாஷ்தான் மேல். வீட்டுக்குள் அதைக் கூரையைப் பார்த்து வைத்தால் வெளிச்சம் மெத்தென்று இறங்கும். அதற்கும் இந்தக் கேமராவில் ஒரு குறுக்கு வழி உண்டு: மேலெழும் ஃபிளாஷை விரலால் பின்னுக்குச் சாய்த்துப் பிடிக்கலாம். வெள்ளைக் கூரை, தாழ்வாக இருக்க வேண்டும். பழைய கடைவீடுகளின் உயரமான மரக்கூரைக்கு ஆகாது. கல்யாண மண்டபத்தில் நான் எடுத்தது இரண்டே முறை, அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லமாட்டேன்.

தனி ஃபிளாஷ் இப்போது அக்கா வீட்டில். தீபாவளி முறுக்கு ஆர்டருக்குப் படம் எடுக்க வைத்திருக்கிறார். அங்கே குறுக்கே மின்ன யாரும் இல்லை.