விசைப்படகின் அடிப்பாகத்துக்கு எந்த ஆன்டிஃபவுலிங்: கெட்டி வகையும் கரையும் வகையும்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நீடிக்கும் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் பெரும்பாலான விசைப்படகுகள் கரையேறிப் பழுதுபார்க்கப்படுகின்றன. அப்போது கொட்டலசு என்னும் ஓட்டுயிரியும் பாசியும் ஒட்டாமலிருக்க அடிப்பாகத்துக்கு அடிக்கும் ஆன்டிஃபவுலிங் பெயின்ட் சிறிய செலவன்று. ஆகவே கடைக்காரர் எடுத்து வைக்கும் டப்பாவை அப்படியே வாங்காமல், படகு ஓடும் விதத்துக்குப் பொருந்துவது எது என்று பார்த்து வாங்க வேண்டும். மரத்தின் மேல் ஃபைபர் போர்த்திய எங்கள் தூத்துக்குடி இழுவைப் படகில் இரு வகைகளையும் அடித்துப் பார்த்திருக்கிறோம்.

கெட்டி வகை காய்ந்ததும் வழவழப்பான, இறுகிய படலமாக நிற்கிறது. அதிலுள்ள தாமிர ஆக்சைடு மெல்லக் கசிந்து கொட்டலசையும் பாசியையும் அண்டவிடாமல் தடுக்கிறது. ஆனால் தாமிரம் தீர்ந்த பிறகும் வெறும் படலம் அங்கேயே தங்கிவிடுவதால், ஆண்டுதோறும் அதன் மேலேயே அடிக்க அடிக்கப் பூச்சு தடித்து, ஒருநாள் பொருக்காகப் பெயரத் தொடங்குகிறது. அதைச் சுரண்டி எடுக்கும் கூலியையும் சேர்த்துப் பார்த்தால், விலை குறைவு என்று இதை வாங்கியதில் பொருளே இல்லை. நீருக்கு வெளியே நெடுநாள் காய்ந்தால் இதன் வீரியமும் குறையும்.

கரையும் வகையில் நீர் உராய உராய மேற்பரப்பு மெல்லிய அடுக்காகத் தேய்ந்து, புதிய தாமிரம் வெளியே வருகிறது. பழைய பூச்சு குவிவதில்லை என்பது பெரிய நிம்மதி. ஆயினும் இது ஓடும் படகுக்கான பூச்சு. வலை இழுக்கும்போது நம் படகுகள் மூன்று நாட் (மணிக்கு மூன்று கடல் மைல்) வேகத்தையே ஒட்டி நகர்வதால், வேகமான கப்பல்களுக்கென்று இறுக்கமாகச் செய்யப்பட்டதை வாங்கினால் அது சரியாகத் தேயாது. ஜோட்டன், ஹெம்பல், இன்டர்நேஷனல் என எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும், அது எந்த வேகத்துக்கு உரியது என்பதைத் தகவல் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். இதே காரணத்தால், தடைக்காலத்தின் தொடக்கத்திலேயே அடித்துவிட்டுப் படகை மீண்டும் துறைமுகத்தில் கட்டிப் போடுவதை நான் ஏற்கமாட்டேன். அசையாமல் கிடக்கும் படகில்தான் வழுக்குப் பாசி முதலில் பிடிக்கும். கடைசி வாரங்களில் அடித்துவிட்டு நேரே தொழிலுக்கு இறக்குவதே சரி.

டப்பாவைத் திறந்ததும் மேலே நீர்த்த எண்ணெய் போலத் தெரியும். கனமான தாமிரம் அடியில் செம்மண் சேறாக உறைந்து கிடக்கும். பலகைத் துண்டால் அடியைச் சுரண்டிச் சுரண்டி, அந்தச் சேறு முழுவதும் கரையும்வரை கலக்க வேண்டும். அவசரப்பட்டு மேலாக எடுத்து அடிப்பவர், காசு கொடுத்து வாங்கிய மருந்தை டப்பாவிலேயே விட்டுவிடுகிறார். முதல் பூச்சைக் கறுப்பிலும் இரண்டாவதைச் சிவப்பிலும் அடிப்பது நல்ல பழக்கம். அடுத்த முறை கரையேற்றும்போது கறுப்பு தெரியும் இடத்தில் பூச்சு தேய்ந்துவிட்டது என்று உடனே விளங்கும். ஏரா (படகின் அடிமரம்), சுக்கான், நீர்மட்டக் கோடு ஆகிய இடங்களுக்குக் கூடுதலாக ஒரு பூச்சு தேவை. மற்ற உலோகப் பாகங்கள் அரிக்காமலிருக்கப் பொருத்தும் துத்தநாகக் கட்டைகளின் மேல் மட்டும் பெயின்ட் படவே கூடாது. பட்டால் அவை வேலை செய்யாது. இரும்புப் படகாக இருந்தால் எபாக்ஸி பிரைமர் என்னும் அடிப்பூச்சு இல்லாமல் இதை அடிக்கவும் கூடாது, ஏனெனில் தாமிரம் நேரடியாகப் பட்டால் இரும்பு அரிக்கும். அலுமினியப் படகுக்குத் தாமிர ஆக்சைடு அறவே ஆகாது.

பழைய காலத்து பெயின்ட் போல இப்போது எதுவும் நிற்பதில்லை என்று மூத்தவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. டிரைபியூட்டைல்டின் என்னும் வெள்ளீயச் சேர்மம் கலந்த அந்தப் பூச்சு மிக வலுவானது. ஆனால் பிரான்சின் ஆர்க்காஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பையே அது நாசமாக்கியது. 2001இல் ஏற்கப்பட்ட உலகளாவிய உடன்படிக்கை 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்து அதைத் தடை செய்தது. இப்போதைய தாமிரப் பூச்சும் தீங்கற்றதன்று. மன்னார் வளைகுடாவின் பவளத் திட்டுகளுக்கு அருகில் வாழும் நாம், பழைய பூச்சை நனைத்துத் தேய்த்து, கீழே விரித்த தார்ப்பாயில் விழும் கழிவை அள்ளி அப்புறப்படுத்துவதே முறை.

ஆண்டுக்கொரு முறை கரையேறும் விசைப்படகுக்கு, மெதுவேகத்துக்கு உரிய கரையும் வகையையே பரிந்துரைக்கிறேன். அன்றாடம் மணலில் இழுத்து ஏற்றும் ஃபைபர் வள்ளத்துக்கு இந்தச் செலவே வேண்டாம். காய்ந்து கிடக்கும் அடிப்பாகத்தில் கொட்டலசு நிலைக்காது, பூசிய பெயின்ட்டும் மணலோடு போய்விடும்.