பழைய ஸ்விஃப்ட் டீசல்: டைமிங் செயின் மட்டும் போதுமா, முழு கிட்டா?

காலையில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் முன்பக்கம் இரண்டு மூன்று நொடி கடகடவென்று அடித்து, ஆயில் பிரஷர் ஏறியதும் அடங்கிவிடுகிறதா? சந்தேகம் முதலில், பிஸ்டன் ஓட்டத்தோடு வால்வுகள் திறந்து மூடுவதை ஒத்துப்போக வைக்கும் டைமிங் செயின் மேல்தான் போக வேண்டும். ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், விஸ்டா குவாட்ராஜெட் எல்லாவற்றிலும் உள்ளே இருப்பது அதே 1248 சிசி ஃபியட் மல்டிஜெட், பெல்ட் கிடையாது.

"பல்லெல்லாம் நல்லாத்தான் சார் இருக்கு, செயின் மட்டும் போட்டுக்கலாம்" என்பார்கள் மெக்கானிக்குகள்; பல் என்பது செயின் ஓடும் ஸ்ப்ராக்கெட் சக்கரத்தின் பல். சில ஆயிரம் மிச்சம், அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. கண்ணிகளை இணைக்கும் பின்கள் தேயத் தேயத்தான் செயின் நீளமாகிறது, ஸ்ப்ராக்கெட் பல்லும் அந்த நீண்ட செயினுக்கு ஏற்றபடியே தேய்ந்து போயிருக்கும்; அதன் மேல் சரியான அளவில் புதுச் செயினை மாட்டினால் பாரம் எல்லாப் பல்லிலும் பரவாமல் ஒன்றிரண்டில் விழும், புதுசும் சீக்கிரம் போகும். முன் கவரைக் கழற்ற, இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்பையும் இறக்கியாக வேண்டும், அந்தக் கூலி இரண்டு வழிக்கும் ஒன்றுதான். அப்புறம் ஏன் பாதி வேலை?

முழு கிட் என்றால் செயின், ஸ்ப்ராக்கெட்டுகள், செயின் உரசி ஓடும் கைடு, செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், சீல். இதில் டென்ஷனர் முக்கியம். அது ஆயில் பிரஷரில் வேலை செய்வது, ஆயிலைக் காலத்தில் மாற்றாத வண்டியில் கசடு அடைத்து முதலில் மந்தமாவதும் அதுதான். ஒரிஜினலா, வெளி பிராண்டா என்றால் பெயர் தெரிந்த வெளி பிராண்டும் பரவாயில்லை. பெயரே இல்லாத அட்டைப்பெட்டி கிட் மட்டும் வேண்டாம், செயின் அறுந்தாலோ பல் தாண்டினாலோ பிஸ்டன் வால்வில் மோதும்.

சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் பழைய இன்ஜின் வாங்கிப் போடுவது மூன்றாவது வழி. வால்வுகள் இருக்கும் சிலிண்டர் ஹெட் ஏற்கெனவே அடிபட்டிருந்தால் யோசிக்கலாம். ஆனால் அதன் செயின் எவ்வளவு ஓடியது என்று யாருக்கும் தெரியாது, இன்ஜின் நம்பர் மாறுவதால் ஆர்டிஓ அலைச்சலும் உண்டு.

நான் முழு கிட் பக்கம்தான். எந்த ஒர்க்‌ஷாப் என்பதற்கு ஒரே கேள்வி: கிராங்க் தண்டோடு சுற்றும் ஃப்ளைவீலையும், வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் அசையாமல் பூட்டும் லாக் பின் இருக்கிறதா? பெயிண்ட் மார்க் போட்டுக் கழற்றுகிறேன் என்றால் வண்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டி முடித்ததும் கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, பின்கள் மறுபடி சரியாக நுழைகின்றனவா என்று பார்த்த பிறகுதான் சாவியைத் திருப்ப வேண்டும்.