நகல் கேட்பதா, நேரில் போய்ப் பார்ப்பதா?

எங்கள் தெருவில் போட்ட சிமெண்ட் சாலை இரண்டாவது மழைக்கே ஓரத்தில் பெயர்ந்தது. எவ்வளவு செலவானது, எத்தனை கனத்துக்குப் போட்டார்கள் என்று தெரிந்துகொள்ளலாமே என ஆரம்பித்தேன். ஒன்றரை வருடத்தில் ஆறு தகவல் உரிமை மனுக்கள் ஆகிவிட்டன. மூன்று தபாலில் நகல் கேட்டு, இரண்டு ஆவணங்களை நேரில் பார்வையிடக் கேட்டு, ஒன்று ஆன்லைனில். இனி யாராவது என்னிடம் எப்படிக் கேட்பது என்று கேட்டால், பேரூராட்சி, ஊராட்சி ஒன்றியம் மாதிரி உள்ளூர் அலுவலகம் என்றால் நேரில் போய்ப் பாருங்கள் என்பேன். ஏன் என்று சொல்கிறேன். இந்த அலசலில் நான் நடுநிலை கிடையாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதலில், மனுவே தேவைப்படாத விஷயங்கள். பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் எல்லாம் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ தளத்தில் கிடைக்கின்றன. வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறைத் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். கிராம ஊராட்சியின் திட்டங்களையும் செலவையும் இ-கிராம் ஸ்வராஜ் தளம் ஓரளவு காட்டும். இவற்றுக்கு மனு போட்டு முப்பது நாள் காத்திருக்க வேண்டியதில்லை.

கிராம சபையையும் சொல்ல வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு நாள். மாமனார் ஊரில் ஒருமுறை போய் உட்கார்ந்தேன். வரவு செலவை வாசித்தார்கள், கேள்வி கேட்டால் பதிலும் சொன்னார்கள். ஆனால் கையில் காகிதம் எதுவும் வராது. அதுவும் ஊராட்சிகளுக்குத்தான். எங்களுடையது பேரூராட்சி.

சரி, தபால் வழிக்கு வருவோம். எல்லோருக்கும் தெரிந்தது இதுதான். வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்ப வேண்டும். காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று தகவல் உரிமைச் சட்டத்தின் 6(2) பிரிவே சொல்கிறது. தவறான அலுவலகத்துக்குப் போனாலும் ஐந்து நாளில் அவர்களே சரியான இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும், அது 6(3). பதில் முப்பது நாளுக்குள். 2025-ல் பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டதால், இப்போது ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, அது சேர்ந்த நாளைக் காட்டும் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்கிறேன். மேல்முறையீட்டுக்கு அந்தத் தேதி வேண்டும்.

இதில் எனக்கு நடந்ததைக் கேளுங்கள். முதல் மனுவில், “எங்கள் தெருவில் போடப்பட்ட சாலை ஏன் தரமற்றதாக உள்ளது, அதன் முழு விவரம் தருக” என்று எழுதினேன். 29-ம் நாள் வந்த பதில் இரண்டு வரி. தாங்கள் கோருவது சட்டத்தின்படி தகவல் என்ற வரையறைக்குள் வராது, அவ்வளவுதான். கோபம் வந்தது. ஆனால் தப்பு என்னுடையது. அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கிற ஆவணத்தைத்தான் கேட்க முடியும். ‘ஏன்’ என்று கேட்டால் அவர்கள் புதிதாக உட்கார்ந்து காரணம் எழுதித் தர வேண்டியதில்லை. 2011-ல் விடைத்தாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. திருத்திய விடைத்தாளை மாணவர் நேரில் பார்க்கலாம் என்று சொன்னதும் அதே தீர்ப்புதான். அதை நான் கவனித்தது ரொம்பத் தாமதமாக.

இரண்டாவது மனுவில் உஷாராகி, “அந்தச் சாலைப் பணி தொடர்பான அனைத்து ஆவணங்களின் நகல்” என்று கேட்டேன். 26-ம் நாள் கடிதம்: 170 பக்கம், பக்கத்துக்கு 2 ரூபாய், 340 ரூபாய் கட்டவும். இந்தக் கடிதத்தை அவர்கள் அனுப்பிய நாளிலிருந்து நாம் பணம் கட்டும் நாள் வரை முப்பது நாள் கணக்கில் சேராது. கட்டினேன். கட்டு வந்தது. நூறு பக்கத்துக்கு மேல் ஒப்பந்தத்தோடு வரும் அச்சடித்த நிபந்தனைகள். எந்த ஊருக்கும் எந்த வேலைக்கும் அதே நிபந்தனைகள்தான். எனக்கு வேண்டிய அளவீட்டுப் புத்தகம், அதாவது எம்.புக், அதிலிருந்து ஒரே ஒரு பக்கம். அதுவும் அப்ஸ்ட்ராக்ட் என்கிற மொத்தக் கணக்கு மட்டும். நீளம் 62 மீட்டர் என்றிருந்தது.

நான் டேப் பிடித்து அளந்திருந்தேன். 54 மீட்டர்.

எட்டு மீட்டரைச் சாப்பிட்டுவிட்டார்கள் என்று அன்று இரவே புகார் எழுதி முடித்துவிட்டேன். சித்தப்பா ஒருவர் ஓவர்சியராக இருந்து ஓய்வுபெற்றவர். அவரிடம் காட்டியதும் முதலில் கேட்ட கேள்வி: “எம்.புக்கை நேரில் பார்த்தியாடா? அப்ஸ்ட்ராக்டை மட்டும் வச்சுக்கிட்டுச் சண்டைக்குப் போகாதே.”

நேரில் பார்க்க முடியும் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. தகவல் உரிமைச் சட்டத்தின் 2(ஜே) பிரிவு தகவல் உரிமை என்றால் என்ன என்று சொல்கிற இடத்தில், வேலையையும் ஆவணங்களையும் பார்வையிடுவதைத்தான் முதலில் வைக்கிறது. குறிப்பெடுப்பது, சான்றிட்ட நகல், பொருளின் மாதிரி எல்லாம் அதற்கு அப்புறம். நாம் என்னவோ நகல் ஒன்றுதான் தகவல் என்று நினைத்துப் பழகிவிட்டோம்.

மூன்றாவது மனுவும் அதே 10 ரூபாய் ஸ்டாம்ப்தான். வாசகம் மட்டும் வேறு: “பிரிவு 2(ஜே)-ன்படி மேற்படி பணியின் குறிப்புக் கோப்பு, நடப்புக் கோப்பு, மதிப்பீடு, எம்.புக், பட்டியல், தரச் சோதனை அறிக்கை ஆகியவற்றை நேரில் பார்வையிடவும், நான் குறிப்பிடும் பக்கங்களுக்கு மட்டும் சான்றிட்ட நகல் பெறவும் நாளும் நேரமும் தெரிவிக்கவும்.” குறிப்புக் கோப்பு என்றால் அலுவலர்கள் எழுதும் குறிப்புகள், நடப்புக் கோப்பு என்றால் கடிதங்கள், பட்டியல் என்றால் ஒப்பந்ததாரரின் பில். 22-ம் நாள் பதில் வந்தது. புதன்கிழமை காலை 11 மணி.

போனேன். ஜன்னல் ஓரம் ஒரு மேசை, பக்கத்தில் ஓர் இளநிலை உதவியாளர். “எந்தப் பக்கம் வேணும்னு சொல்லுங்க சார், எடுத்துத் தர்றேன்” என்றார். முழுதாகப் புரட்டிப் பார்க்க வேண்டும் என்றேன். ஒரு நிமிடம் யோசித்துவிட்டுக் கட்டை அவிழ்த்துத் தந்தார். எம்.புக்கில் சாலையின் பக்கத்தைத் திறந்தால், நீளம், அகலம், கனம் என்று மூன்று கட்டம். முதல் வரியில் 54.00, 3.00, 0.15. அதன் கீழே இரண்டாவது வரி: 8.00, 2.40, 0.15. ஓரத்தில் பென்சிலில் ‘சந்து’ என்று எழுதியிருந்தது. எங்கள் தெருவிலிருந்து பிரியும் முட்டுச் சந்து! அதற்கும் போட்டிருக்கிறார்கள், நான் தினம் தாண்டிப் போகிற இடம்தான். அந்தப் புகாரை அனுப்பியிருந்தால் என் முகத்தை எங்கே வைத்திருப்பேனோ.

தபாலில் வந்த 170 பக்கத்தில் அந்த இரண்டு வரியும் இல்லை. யாரும் மறைத்ததாக நான் நினைக்கவில்லை. எதை நகல் எடுப்பது என்று வேறொருவர் முடிவு செய்தார், அவர் கண்ணுக்கு மொத்தக் கணக்கு போதும் என்று பட்டிருக்கிறது.

தபாலையும் நேரில் பார்ப்பதையும் பிரிப்பது இந்த ஒரு விஷயம்தான் என்று நினைக்கிறேன். பணமும் நாளும் இரண்டாம்பட்சம். தபாலில் கேட்கும்போது காகிதத்தின் பெயர் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெயர் தெரியாத காகிதத்தை எப்படிக் கேட்பது? உள்ளூர் அலுவலகக் கோப்பில் என்னென்ன இருக்கும் என்று வெளியாளுக்கு எப்படித் தெரியும்? மன்றத் தீர்மானம், தொழில்நுட்ப அனுமதி, வேலை உத்தரவு, கால நீட்டிப்புக் கேட்டு ஒப்பந்ததாரர் கொடுத்த கடிதம், அதன் மேல் செயல் அலுவலர் எழுதிய குறிப்பு என்று ஒன்றன் பின் ஒன்றாகக் கட்டியிருக்கும். நேரில் புரட்டும்போது ஒரு காகிதம் அடுத்த காகிதத்தைக் காட்டிக்கொடுக்கும்.

முக்கியமாக, ஒவ்வொரு அரசுக் கடிதத்திலும் ‘பொருள்’ என்பதற்குக் கீழே ‘பார்வை’ என்று ஒரு பட்டியல் இருக்கும், பார்த்திருப்பீர்கள். நாம் யாரும் அதைப் படிப்பதில்லை. எந்தெந்தக் கடிதத்தின் தொடர்ச்சியாக இந்தக் கடிதம் எழுதப்பட்டது என்பதை ந.க. எண் என்கிற கோப்பு எண்ணோடும் தேதியோடும் அங்கேதான் எழுதியிருப்பார்கள். நான் பார்த்த கோப்பில் ஒரு கடிதத்தின் பார்வை 3-ல் உதவிப் பொறியாளரின் தள ஆய்வுக் குறிப்பு ஒன்று இருந்தது. அப்படி ஒன்று இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது. இரண்டு தாள் புரட்டினால் அதுவும் இருந்தது. “ஓரங்களில் நீராற்றல் போதவில்லை” என்று அவரே எழுதியிருக்கிறார். அதாவது, போட்ட காங்கிரீட்டுக்குத் தண்ணீர் விட்டு ஈரமாக வைத்திருந்தது போதவில்லை. நான் ஒரு வருடமாகத் தேடிய ‘ஏன்’ அங்கே இருந்தது.

இன்னொன்று, கோப்பில் என்ன இல்லை என்பதும் நேரில்தான் தெரியும். காங்கிரீட்டைக் கனசதுரமாக வார்த்து உடைத்துப் பார்ப்பார்களே, அந்தக் கியூப் டெஸ்ட் அறிக்கையை பில்லோடு இணைத்திருப்பதாகக் குறிப்பில் எழுதியிருந்தது. கட்டை முன்னும் பின்னும் புரட்டினேன், இல்லை.

மொத்தம் ஐம்பது நிமிடம் ஆனது. தமிழ்நாட்டு விதிப்படி முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. அதனால் பார்வையிட்டதற்குச் செலவே இல்லை. நான்கு பக்கத்துக்கு நகல் கேட்டேன், 8 ரூபாய். மொபைலில் படம் எடுக்கலாமா என்றேன், வேண்டாம் சார் என்றார்கள். வம்பு பண்ணவில்லை, நோட்டில் பக்க எண்ணோடு எழுதிக்கொண்டேன். பக்க எண் முக்கியம். “பக்கம் 41, 42” என்று கேட்கிறவருக்குத் தெளிவாக இல்லை என்று பதில் எழுத முடியாது.

சில அலுவலகங்கள் தாங்களாகவே, “பக்கங்கள் அதிகம் என்பதால் நேரில் வந்து பார்வையிட்டுக்கொள்ளலாம்” என்று எழுதுவதுண்டு. மனு போட்டுப் பழகிய பலர் இதைத் தட்டிக்கழிப்பாகப் பார்த்து உடனே மேல்முறையீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அவர்கள் அனுபவம் அப்படி இருக்கலாம். எனக்கு அப்படி ஒரு கடிதம் வந்தால் மறுநாளே கிளம்பிவிடுவேன்.

இதில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். அலுவலக நேரத்தில் போக வேண்டும், தினக்கூலிக்காரருக்கு ஒரு நாள் வருமானம் போய்விடும். அதைவிடப் பெரியது, சின்ன ஊரில் நீங்கள் கோப்பைப் புரட்டிய செய்தி மாலைக்குள் ஒப்பந்ததாரர் காதுக்குப் போய்விடும். என் விஷயத்தில் வந்தது டீக்கடையில் ஒரு முறைப்பு மட்டும்தான். ஆனால் தகவல் கேட்டதற்காக அடிபட்டவர்களும் உயிரை விட்டவர்களும் இந்த நாட்டில் உண்டு. மணல், ஆக்கிரமிப்பு மாதிரி பெரிய பணம் புரளும் விஷயம் என்றால் தபாலே மேல். நேரில்தான் போக வேண்டும் என்றால் தனியாகப் போகாதீர்கள். நான் நண்பர் ஒருவரைக் கூட்டிப்போனேன், யாரும் ஆட்சேபிக்கவில்லை.

நான் பார்வையிட்டது இரண்டே முறை. இரண்டாவது அந்த நண்பருக்காக ஒரு தாலுகா அலுவலகத்தில். அங்கே பழைய பதிவேடு பொடிப்பொடியாக இருந்தது, அரை மணி நேரத்தில் திரும்பிவிட்டோம். மாநகராட்சி மாதிரிப் பெரிய இடத்தில், ஒரே வேலையின் கோப்பு நான்கு பிரிவில் சிதறிக் கிடக்கும்போது, இந்த வழி இதே மாதிரி பலன் தருமா என்று அனுபவத்தில் சொல்ல எனக்கு வழியில்லை.

ஆன்லைன் பற்றிச் சுருக்கமாக. மத்திய அரசின் தளத்தில் ஒருமுறை போட்டேன், ஒரு மத்திய அலுவலகத்துக்கு. பத்து ரூபாயைக் கார்டில் கட்டி, மனு எந்த நாற்காலியில் நிற்கிறது என்று வீட்டிலிருந்தே பார்க்க முடிந்தது. சுகமாக இருந்தது. தமிழ்நாட்டுக்கும் தனித் தளம் இருக்கிறது. வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருப்பவருக்கு இதுதான் வழி, யோசிக்கவே வேண்டாம். ஆனால் தபாலில் இருக்கிற அதே சிக்கல் இதிலும் உண்டு: கேட்டதுக்கு மட்டும்தான் பதில்.

அதற்காகத் தபாலை நான் விட்டுவிடவில்லை, வரிசையைத்தான் மாற்றிக்கொண்டேன். முதலில் பார்வை, அப்புறம் தபால். கோப்பைப் பார்த்துவிட்டு வந்த வாரமே, அந்தக் குறிப்பின் ந.க. எண்ணையும் தேதியையும் போட்டு, “இதில் இணைக்கப்பட்டதாகக் கூறப்படும் கியூப் டெஸ்ட் அறிக்கையின் நகல்” என்று ஒரே ஒரு கேள்வியோடு தபாலில் அனுப்பினேன். பதில் ஒரு வரி: மேற்படி அறிக்கை இவ்வலுவலகப் பதிவேடுகளில் இல்லை. கையெழுத்து, முத்திரை, தேதி.

அந்தக் கடிதத்தையும் உதவிப் பொறியாளரின் குறிப்பையும் இணைத்து, பேரூராட்சிகளின் உதவி இயக்குநருக்கு மனு அனுப்பி மூன்று வாரம் ஆகிறது. பதில் இன்னும் இல்லை. ‘இல்லை’ என்ற பதிலுக்கு எதிரான முதல் மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் கெடு அடுத்த வாரம் முடிகிறது. மனு தயார், ஸ்பீடு போஸ்டுக்குக் கவர் வாங்க வேண்டும்.