திருப்பாதிரிப்புலியூர் சந்தில் இரண்டு சிமெண்ட் தூண்கள்

சென்னை விமான நிலையத்திலிருந்து கடலூர் வரை வாடகைக் கார் வந்ததைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. திருப்பாதிரிப்புலியூரில் பாடலீசுவரர் கோயிலைத் தாண்டி, வீட்டுக்கு 200 மீட்டர் இருக்கும்போதுதான் வினை. ஓட்டுநரின் கைப்பேசியில் ஓடிய வணிக மேப் இடப்பக்கம் திரும்பச் சொன்னது. திரும்பினால், சந்தின் கடைசியில் இடுப்பளவு உயரத்தில் இரண்டு சிமெண்ட் தூண்கள். நடுவில் பைக் போகும், கார் போகாது. பின்னால் ஒரு தண்ணீர் லாரி வந்து நின்றுவிட்டது. இரவு 9 மணி, காருக்குள் 80 வயதுப் பெரியவர், நான்கு பெட்டிகள். ரிவர்ஸிலேயே வெளியே வர அரை மணி நேரம் ஆனது.

அந்தத் தெருவில் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் தூண் இருப்பதைச் சொல்லும். முன்பெல்லாம் ஊருக்குள் நுழைந்ததும் டீக்கடை ஓரமாக நிறுத்துவோம். “கார் போவாது சார், சுத்திப் போங்க” என்று கிளாஸைக் கழுவிக்கொண்டே ஒருவர் சொல்லிவிடுவார். இப்போது யாரும் கண்ணாடியைக்கூட இறக்குவதில்லை. அந்த டீக்கடைக்காரருக்குத் தெரிந்தது மேப்புக்குத் தெரியவில்லை என்பதுதான் ஆத்திரம். வணிக மேப்பில் திருத்தம் அனுப்பினால் ‘பரிசீலனையில்’ என்று வரும். யார் பரிசீலிக்கிறார்கள், எங்கே உட்கார்ந்து என்று தெரியாது.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்கு மாறுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான். 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கிய இந்த வரைபடத்தில் கணக்குத் தொடங்கும் யாரும் நேரடியாகத் திருத்தலாம். பிரான்ஸில் இருக்கும் புதுச்சேரிக்காரர்களுக்கு இதன் அருமை தெரியும். அங்கே அரசின் நிலப் பதிவேட்டிலிருந்தே கட்டடங்களின் எல்லைக்கோடுகளை இதில் ஏற்றியிருக்கிறார்கள். நம் ஊர்ச் சந்துகளை அப்படி யாரும் ஏற்றித் தரப்போவதில்லை. தெருவைத் தெரிந்தவர்தான் போட வேண்டும்.

தூணைச் சேர்க்க 5 நிமிடம் போதும். கணினியில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில் நுழைந்து, தெருக்கள் தெளிவாகும்வரை பெரிதாக்கி, ‘தொகு’ பொத்தானை அழுத்துங்கள். சந்தின் கோட்டைத் தேர்ந்து, தூண் இருக்கும் இடத்தில் கோட்டின் மேலேயே இரட்டைச் சொடுக்கு. விழும் புள்ளிக்கு ‘போலார்ட்’ (தடுப்புத் தூண்) என்ற வகையைக் கொடுங்கள். தூண் இரண்டானாலும் புள்ளி ஒன்று போதும். பலர் புள்ளியைக் கோட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். படத்தில் தூண் தெரியும், ஆனால் வழி கணக்கிடும் செயலி அதைக் கண்டுகொள்ளாமல் காரை உள்ளே அனுப்பும். இதைவிட மோசமானது, சந்தும் பெரிய தெருவும் சேரும் புள்ளியிலேயே தூணை வைப்பது. பெரிய தெருவே கார்களுக்கு அடைபட்டுவிடும். இரண்டு மூன்று மீட்டர் சந்துக்குள் தள்ளி வையுங்கள்.

இன்னொரு சிக்கல் நம் ஊருக்கே உரியது. போலார்ட் என்றால் நடப்பவரும் மிதிவண்டியும் மட்டும் போகலாம் என்று சில செயலிகள் எடுத்துக்கொள்ளும், பைக்கையும் சுற்றவிடும். அதனால் கீழே உள்ள டேக் (குறிச்சொல்) பகுதியில் ‘மோட்டார்சைக்கிள்’ என்றும், எதிரே ‘யெஸ்’ என்றும் ஆங்கில எழுத்தில் சேர்க்க வேண்டும். சேமிக்கும்போது ‘நேரில் பார்த்தது’ என்று ஆதாரம் எழுதுங்கள். வேறு மேப்பைப் பார்த்துக் காப்பியடித்தல் உரிமச் சிக்கல், கண்டிப்பாகக் கூடாது. தளத்தின் படத்தில் பெரும்பாலும் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். இதே வரைபடத்தை வைத்து வழி காட்டும் ஆர்கானிக் மேப்ஸ், ஓஸ்ம்ஆண்ட் போன்ற கைப்பேசிச் செயலிகளில் மற்றவர்களுக்குத் தெரிய, அடுத்த வரைபடப் புதுப்பிப்பு வரவேண்டும்.

அப்படியே முனைப் பிள்ளையார் கோயில், ரேஷன் கடை, பேருந்து நிறுத்தம் ஆகியவற்றையும் போட்டுவிடுங்கள். நாம் வழி சொல்வதே அவற்றை வைத்துத்தானே? பெயர்க் கட்டத்தின் பக்கத்தில் இருக்கும் கூட்டல் குறியை அழுத்தி, மொழியாகத் தமிழைத் தேர்ந்து தமிழ்ப் பெயரையும் எழுதுங்கள். புதுச்சேரி வெள்ளை நகரத்தில் பிரெஞ்சுப் பெயருக்கும் இதே வழிதான். பலகையில் இருக்கும் எழுத்துப்படியே போடுங்கள். வீட்டுக்காரர் பெயரை மட்டும் வீட்டின்மேல் எழுதாதீர்கள்.

இணையம் இல்லாமலும் இந்தச் செயலிகள் வழி காட்டும். உள்ளூர் சிம் கிடைக்கும்வரை வெளிநாட்டு எண்ணோடு திண்டாடுபவர்களுக்கு இது பெரிய நிம்மதி. கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் சாலை தமிழ்நாட்டிலிருந்து புதுச்சேரிப் பகுதிக்குள் போவதால், பதிவிறக்கப் பட்டியலில் இரண்டும் தனித்தனியாக இருந்தால் இரண்டையும் கிளம்பும் முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை 6 முதல் காலை 7.30 வரை வாகனங்களுக்கு அனுமதியில்லை. இந்த நேரக் கட்டுப்பாட்டை வரைபடத்தில் பதியலாம். ஆனால் எல்லாச் செயலிகளும் அதைப் படிப்பதில்லை, மாலையில் போகிறவர்கள் நேரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குறையையும் சொல்ல வேண்டும். போக்குவரத்து நெரிசலை இவை நேரலையில் காட்டாது. புதிய கடைகள் பலவற்றைத் தேடினால் கிடைக்காது. பொங்கல் கூட்டத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வருவதற்கு வணிக மேப்பையும் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த முறை வருபவர் பெட்டியில் ஓர் அளவுநாடா இருக்கட்டும். நம் ஊர் ஆட்டோவின் அகலம் ஏறக்குறைய 1.3 மீட்டர். தூண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளந்து அதே புள்ளியில் நுழையக்கூடிய அதிகபட்ச அகலமாகப் பதிந்துவிட்டால், ஆட்டோ நுழையுமா என்று பார்ப்பவருக்கே தெரிந்துவிடும்.