யூ வடிவத் தலையணையும் போடி இலவம்பஞ்சுத் திண்டும்

கர்ப்பமாகி ஆறாம் மாதம் பிறந்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். ஒருக்களித்தால் பத்தே நிமிடத்தில் மேல்கால் முன்பக்கம் சரிந்து, இடுப்பு கழன்று விழுகிற மாதிரி வலிக்கும். வீட்டிலிருந்த தலையணைகளையெல்லாம் காலுக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று என்று வைத்துப் பார்த்தேன். நடுராத்திரி விழித்தால் எல்லாம் தரையில் கிடக்கும். அப்போதுதான், மார்ச் மாதத்தில், கர்ப்பிணிகளுக்கென்று விற்கிற யூ வடிவத் தலையணையை ஆன்லைனில் 1,900 ரூபாய்க்கு வாங்கினேன். வளைகாப்பு வரை அதையும், பிறகு பிரசவம் வரை ஒரு இலவம்பஞ்சுத் திண்டையும் பயன்படுத்தியிருக்கிறேன். வாங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்கிறேன். வளைவில் தலையை வைத்துக்கொண்டால் தலையணையின் ஒரு கை முதுகுக்கும் இன்னொரு கை வயிற்றுக்கும் காலுக்கும் வந்துவிடும். புரண்டு படுக்கும்போது எதையும் எடுத்து மாற்ற வேண்டியதில்லை. ராத்திரியில் ஆறேழு தடவை புரளுகிறவளுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது மாசமாக இருந்தவர்களுக்குத்தான் தெரியும். என் அத்தை, "எந்திரிச்சு உட்கார்ந்து திரும்பும்மா, கொடி சுத்திக்கும்" என்று தினமும் சொல்வார். நானும் பயந்துபோய் ஒவ்வொரு தடவையும் எழுந்து உட்கார்ந்து திரும்பினேன், தூக்கம் சுத்தமாகக் கலைந்துவிடும். டாக்டரிடம் கேட்டேன். தொப்புள்கொடி சுற்றுவது குழந்தை உள்ளே அசைவதால்தான், நாம் புரளுவதால் இல்லை என்றார். ஆனால் 28 வாரத்துக்குப் பிறகு தூங்கப் போகும்போது ஒருக்களித்துத்தான் படுக்க வேண்டும், மல்லாந்தால் கர்ப்பப்பையின் பாரம் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற பெரிய ரத்தக்குழாயை அழுத்தும் என்று அழுத்திச் சொன்னார். இடது பக்கம் நல்லது, வலது பக்கமும் பரவாயில்லை. விழித்துப் பார்க்கும்போது மல்லாந்திருந்தால் பதறாமல் திரும்பிப் படுத்துக்கொண்டால் போதும். இதைக் கேட்ட பிறகுதான் நிம்மதியாகக் கண்ணை மூடினேன்.

இடுப்பு வலிக்குக் கைமேல் பலன் கிடைத்தது. ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. முதல் வாரம் நான் முழங்கால்களுக்கு நடுவில் மட்டும் வைத்திருந்தேன். பாதம் கீழே தொங்கியதால் இடுப்பு முறுக்கிக்கொண்டே இருந்தது. முழங்காலிலிருந்து கணுக்கால் வரை முழுக் காலும் தலையணை மேல் கிடந்தால்தான் மேல்கால் இடுப்புக்கு நேராக இருக்கும். பேறுகாலத்தில் சுரக்கும் ஹார்மோன்கள் இடுப்பு மூட்டுகளைத் தளர்த்திவிடுகின்றன. அதனால்தான் காலின் பாரத்தையே தாங்க முடிவதில்லை.

குறை என்றால் முதலில் சூடு. எங்கள் வீடு மதுரையில், மொட்டைமாடிக்கு நேர் கீழே. உள்ளே பாலியஸ்டர் பஞ்சு, மேலே வெல்வெட் மாதிரி உறை. முன்னும் பின்னும் அணைத்துக்கொண்டு படுத்தால் முதுகெல்லாம் வேர்த்து ஊற்றும். இரண்டே வாரத்தில் வேர்க்குரு வந்துவிட்டது. அந்த உறையைக் கழற்றிவிட்டு, பழைய எட்டு முழ வேட்டியைத் தையற்கடையில் கொடுத்து 150 ரூபாய்க்கு உறை தைத்தேன். அப்புறம்தான் படுக்க முடிந்தது. இன்னொரு குறை, இரண்டு மாதத்தில் கால் வைக்கிற இடம் சப்பையாகிவிட்டது. தட்டினாலும் எழும்பவில்லை. வாஷிங் மெஷினில் உறையை மட்டும்தான் போடலாம், தலையணை உள்ளே நுழையாது.

வளைகாப்பு முடிந்து தேனிப் பக்கம் போடிக்கு, அம்மா வீட்டுக்குப் போனேன். அங்கே என் பழைய நாலடிக் கட்டிலில் யூ தலையணையைப் போட்டால் நான் படுக்க இடமில்லை. அம்மா ஒன்றும் சொல்லாமல் மெத்தைக் கடைக்குக் கூட்டிப்போனார். போடிப் பக்கம் இலவம்பஞ்சுக்குப் பேர்போனது. என் உயரத்தைக் கேட்டு, நாலடி நீளத்தில் திண்டு தைத்தார்கள். பஞ்சு அடைக்கும்போது தூசி பறக்கும் என்று என்னை வெளியே உட்கார வைத்துவிட்டார் கடைக்காரர். 750 ரூபாய். முதலில் கல் மாதிரி அடைத்திருந்தார். காலை வைத்துப் பார்த்துவிட்டு இரண்டு கை பஞ்சை எடுக்கச் சொன்னேன், பதமாக வந்தது. அதைக் காலுக்கிடையில் வைத்து மார்போடு கட்டிக்கொண்டு, பழைய வாயில் சேலையை நாலாக மடித்து வயிற்றுக்கு அடியில் சொருகிக்கொள்வேன். அந்தச் சேலை மடிப்பு இரண்டு விரல் கனம்தான் இருக்கும். ஆனாலும் வயிறு கீழே இழுப்பது அப்படியே நின்றது. திண்டு சூடாகவும் இல்லை. அமுங்கினால் அரைநாள் வெயிலில் போட்டுத் தட்டினால் போதும், மறுபடி உப்பிவிடும். தண்ணீரில் மட்டும் நனைக்கக் கூடாது. புரளும்போது கையால் தூக்கி மறுபக்கம் போட வேண்டும், அது ஒன்றுதான் சிரமம்.

எந்தத் தலையணையும் எல்லாவற்றுக்கும் மருந்தில்லை. விடியற்காலையில் கெண்டைக்காலில் வந்த குரக்குவலிக்கு இரண்டுமே உதவவில்லை. முழங்காலை நீட்டி, கால்விரல்களை நம் பக்கமாக இழுத்துப் பிடித்தால்தான் விட்டது. நெஞ்செரிச்சலுக்குக் கட்டிலின் தலைமாட்டில் செங்கல் வைத்து உயர்த்தி, இரவுச் சாப்பாட்டை ஏழரைக்கே முடித்தேன். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, முகமும் கையும் திடீரென்று வீங்கித் தலைவலித்தாலோ தலையணை தேடாதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அகலமான கட்டிலும் ஏசியும் இருந்தால் யூ தலையணை வாங்கலாம், உறை மட்டும் பருத்தியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு நான் திண்டுதான் சொல்வேன். கடையில் உங்கள் உயரத்தைச் சொல்லுங்கள், பஞ்சு அடைத்ததும் தைத்து மூடுவதற்கு முன்னால் ஒருமுறை காலை மேலே போட்டுப் பார்த்துவிடுங்கள். என் திண்டு இப்போது ஐந்தாம் மாதத்தில் இருக்கிற நாத்தனாரிடம் இருக்கிறது. அவள் என்னைவிட உயரம் என்பதால் அரையடி சேர்த்துத் தைக்கக் கொடுத்திருக்கிறோம்.